பரிசல் ஏறப் போகும் விவேக் நகர் உறவுகளுக்கு

விவேக் நகர், ரோஸ் கார்டன், ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும், இந்த விடுமுறைக்கு ஒகேனக்கல் போக வண்டி பேசி வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



போன ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்குப் பால் வாங்க இறங்கினேன். குழந்தை இயேசு கோயில் தெரு முனையில் ஒரு டெம்போ டிராவலர் நின்றுகொண்டிருந்தது. மசாலா தடவிய கோழி இருந்த எவர்சில்வர் தூக்கு, பெட்ஷீட் மூட்டை, கிரிக்கெட் மட்டை, தூக்கம் கலையாத குழந்தைகள், முன் சீட்டில் ஒரு பாட்டி. "எங்கேப்பா?" என்று கேட்டேன். "ஒகேனக்கல் ஆன்ட்டி, பரிசல் போறோம்" என்றான் ஒரு பையன். "தண்ணி எவ்வளவு வருதாம்?" என்றேன். பதினைந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வண்டி வாடகை தெரிந்தது, டோல் எத்தனை இடத்தில் என்று தெரிந்தது, மீன் வறுத்துத் தர எவ்வளவு கேட்பார்கள் என்பதுகூடத் தெரிந்தது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் நல்லபடியாகப் போய் வந்தார்கள். அன்று மாலை வரை எனக்குத்தான் மனம் நிலையில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக எழுதவில்லை. என் அப்பா பென்னாகரத்துக்காரர். பெங்களூருக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அத்தை வீட்டுக்காரர், எங்கள் மாமா, பரிசல் ஓட்டினார். முழுப் பரீட்சை லீவு விட்டால் நாங்கள் காவிரிக்கரையில்தான் கிடப்போம். பரிசலில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கருத்துயர்ந்த பாறைச் சுவருக்கு நடுவே போகும்போது அருவியின் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் தெரியும். முகத்தில் சாரல் படும். ஹொகே என்றால் கன்னடத்தில் புகை. புகையும் கல் என்று ஊருக்கு ஏன் பேர் வந்தது என்பது அந்த இடத்தில் யாரும் சொல்லாமலே விளங்கும். அந்தச் சந்தோஷம் உங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். அவர்கள் நனைந்த தலையோடு வீடு திரும்பவும் வேண்டும்.

முதலில் கன அடி. இந்தச் சொல் பெங்களூர்த் தமிழர்களுக்குப் பயத்தோடு பழகிய சொல். காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் செய்தியில் அந்த வார்த்தை வந்தாலே, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டார்களா, ஊருக்குப் பஸ் ஓடுமா என்றுதான் பார்த்தோம். அதே எண்ணை இனி வேறு ஒரு காரியத்துக்கும் பாருங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீரை அளக்கிறது. ஒகேனக்கல்லுக்கு வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று தமிழ்ச் செய்திகளில் மழைக்காலம் முழுக்கத் தினமும் சொல்கிறார்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் மொட்டை மாடியில் இருக்கிற 1,000 லிட்டர் சின்டெக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் அதைப்போல 280 தொட்டித் தண்ணீர் உங்களைக் கடந்து போகிறது. நல்ல வெள்ளத்தில் அது ஒரு லட்சம் கன அடியையும் தாண்டும்.

எண் மட்டும் போதாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறந்த தண்ணீர் ஓரிரு நாளில் ஒகேனக்கல்லைத் தொட்டுவிடும். நீங்கள் சனிக்கிழமை துணி மடித்து வைக்கும் நேரத்தில் மைசூர்ப் பக்கம் மதகு திறந்தால், ஞாயிற்றுக்கிழமையோ திங்கட்கிழமையோ நீங்கள் நிற்கிற பாறை மேல் அந்தத் தண்ணீர் வரும். வயநாட்டில் கொட்டுகிற மழை கபினிக்கு வந்து, அங்கிருந்து நமக்கு வரும். ஒகேனக்கல்லில் வெயில் அடிக்கிறதே என்று நம்பி நிற்பதில் அர்த்தமில்லை.

தண்ணீர் கூடினால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும். ஆடி 18-க்கு நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவார்கள், பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் தடையும் இருக்கும். ஆடிப்பெருக்கே புதுவெள்ளத்தைக் கரையில் நின்று கும்பிடுகிற நாள்தானே. தேங்காய் உடையுங்கள், மஞ்சள் கயிறு கட்டுங்கள், படியிலேயே தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு வாருங்கள். பரிசலுக்கு என்று போவதாக இருந்தால் மழை அடங்கி, தண்ணீர் தெளிந்து, ஒரே சீராக ஓடுகிற நாட்களைப் பாருங்கள். பொங்கலை ஒட்டிய வாரங்களில் போன எங்கள் பயணங்கள் பெரும்பாலும் நன்றாக அமைந்தன.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். நம் ஆட்களை ஆற்றில் தள்ளுவது "இவ்வளவு தூரம் வந்தது வீணாப் போயிடுமே" என்ற எண்ணம்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று காடும் மலையும் தாண்டிப் போயிருக்கிறோம். வண்டிக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. குழந்தைகள் ஒரு வாரமாகப் பரிசல், பரிசல் என்று குதித்திருக்கிறார்கள். அங்கே துறையில் தடை என்கிறார்கள். உடனே நம்மில் ஒருவர் ஓரமாகப் போய் யாரிடமாவது தனியாகப் பேசுவார். "கொஞ்சம் கூடக் குடுத்தா மேல்பக்கமா கூட்டிட்டுப் போறாராம்." இந்தக் கரையில் தடை என்றால் அந்தக் கரை கர்நாடகம்தானே, அங்கே ஏறலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கரை இரண்டு என்றாலும் ஓடுகிற ஆறு ஒன்றுதான். மாமா சொல்வார்: "வேணாம்னு சொல்ற பரிசல்காரனுக்கு அன்னைக்குச் சம்பளம் போகுது. அப்படியும் வேணாம்னு சொல்றான்னா அவன் எதையோ பாத்திருக்கான்." அந்தச் சொல்லை மீறி வேறு ஆளைத் தேடாதீர்கள். புறப்படும் முன்பே, வண்டியில் ஏறுவதற்கு முன்பே, குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்: "ஆறு விட்டா பரிசல், இல்லைன்னா மீன் சாப்பிட்டுட்டு, முதலைப் பண்ணை பாத்துட்டு வந்துடுவோம்." அங்கே போய்ச் சொன்னால் அழுகை. இங்கேயே சொல்லிவிட்டால் அதுவும் பயணத்தில் ஒரு பகுதியாகிவிடும்.

பரிசலைப் பற்றிக் கொஞ்சம். மூங்கில் பட்டையை வட்டக் கூடையாகப் பின்னி, அடியில் முன்பெல்லாம் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். மற்ற படகுகளைப் போல அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, தண்ணீரைக் கிழிக்கும் அடிக்கட்டையும் கிடையாது. அதனால்தான் முழங்கால் ஆழத்திலும் மிதக்கிறது, பாறையில் உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகிறது. அதே காரணத்தால் சும்மா இருந்தாலே சுற்றும். பரிசல்காரர் துடுப்பை முன்னால் போட்டு, தன் பக்கம் இழுத்து இழுத்துத்தான் அதை நேராக வைக்கிறார். அவர் கை எப்படி வளைந்து போகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு போடுகிற மாதிரி இருக்கும்.

உட்காரும் முறை எளிது. அடியில் உட்கார வேண்டும், விளிம்பில் உட்காரக் கூடாது. கனமானவர்கள் ஒருவருக்கொருவர் எதிர் எதிராக. ஏறும்போது விளிம்பை மிதிக்காமல், பரிசல்காரர் கையைப் பிடித்து நடுவில் கால் வைக்க வேண்டும். பாறை இடுக்கில் போகும்போது விரல்கள் விளிம்புக்கு வெளியே இருக்கக் கூடாது. பரிசலுக்கும் பாறைக்கும் நடுவே மாட்டினால் விரல் நசுங்கிவிடும். அருவி தெரிந்ததும் போட்டோவுக்காக எழுந்து நிற்பதுதான் பெரிய தப்பு. பரிசல் கவிழ ஒருவர் எழுந்தாலே போதும். துறையில் எழுதிப் போட்டிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் மடிக்குழந்தைகூடக் கூடாது. "சின்னப் பிள்ளைதானே, மடியில் வெச்சுக்கறேன்" என்று நாம் சொல்வோம். கவிழ்ந்தால் அந்தப் பிள்ளையைப் பிடிக்க நமக்குக் கை இருக்காது.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர் போனார்கள். நம்மைப் போலப் பண்டிகையும் அதுவுமாகக் குடும்பத்தோடு படகேறியவர்கள் அவர்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் இருட்டுகிற நேரத்தில் கிளம்பிய படகு கவிழ்ந்து 22 பேர். ஆட்கள் அதிகம், லைஃப் ஜாக்கெட் இல்லை அல்லது போடவில்லை என்பதுதான் இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் வீட்டிலேயே யாராவது ஒருவர் தலையை எண்ணிப் பார்த்து "இறங்கு" என்று சொல்லியிருக்கக்கூடிய விஷயங்கள் இவை.

ஜாக்கெட்டைக் கொடுத்ததும் வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வதோடு முடிந்துவிடாது. பக்கிள் எல்லாவற்றையும் போட்டு, பட்டையை இழுத்து இறுக்கி, இரண்டு தோள் பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை வந்தால் அது தளர்வு. தண்ணீரில் ஆள் கீழே நழுவி, ஜாக்கெட் மட்டும் மேலே நிற்கும். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் நடப்பது அதுதான். குழந்தை ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவே போகும் ஒரு பட்டை இருக்கும், அதைக் கட்டாயம் மாட்டுங்கள். எங்கள் குடும்பம் ஒருமுறை ஓர் ஏரியில் படகேறப் போனபோது பக்கிள் உடைந்த ஜாக்கெட்டைச் சணல் கயிற்றால் கட்டித் தந்தார்கள். அன்று நான் பேசாமல் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு இருந்தால் வேறு கேட்டு வாங்குவேன், இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவேன். வெயிலில் கிடந்து உள்ளே நுரைப்பஞ்சு நொறுங்கியிருந்தாலும் வேண்டாம். அழுத்தினால் மெத்தென்று எழும்ப வேண்டும், உள்ளே பொடி நெருநெருக்கக் கூடாது.

அக்கா தங்கைகளே, புடவையில் பரிசல் ஏறாதீர்கள். ஐந்தரை மீட்டர் துணி நனைந்தால் காலைச் சுற்றிக் கட்டிப்போட்டுவிடும். சுடிதாரோ ட்ராக் பேன்ட்டோ போதும். துப்பட்டாவை வண்டியில் விட்டுவிடுங்கள். புடவை கட்டியே ஆக வேண்டும் என்கிற பாட்டி கரையில் உட்கார்ந்து மீன் வறுப்பதை மேற்பார்வை பார்க்கட்டும். அதுவும் ஒகேனக்கல்லில் பெரிய உத்தியோகம்தான்.

தம்பிகளுக்குத் தனியாக ஒரு விஷயம். ஒகேனக்கல்லில் பரிசலும் துறையும் பரிசல்காரரும் இருக்கிறார்கள். கனகபுரா வழியாக நீங்கள் பைக்கில் போகிற சங்கமத்திலும் மேகதாட்டிலும் முத்தத்தியிலும் பல இடங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். மணல், தண்ணீர், மரநிழல், பார்க்க அவ்வளவு சாந்தம். முத்தத்தியில் என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முழங்கால் தண்ணீரில் நின்று பந்து எறிந்துகொண்டிருந்தான். பந்தைப் பிடிக்க ஒரு அடி பின்னால் வைத்தான். அந்த ஒரு அடியில் தரை இல்லை. தலை மறைந்தது, கை தெரிந்தது, அதுவும் மறைந்தது. நாங்கள் ஆறு பேர் கரையில் இருந்தோம், ஒருவருக்கும் குரல் எழவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த உள்ளூர் அம்மா ஒருவர் நனைந்த புடவையைச் சுருட்டி எறிந்தார். அவன் கையில் அது சிக்கியதால் இன்றைக்கு அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூழ்குகிறவன் சினிமாவில் வருவதைப் போலக் கத்த மாட்டான் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கத்துவான்?

அந்தக் கரையில் கன்னடப் பலகை இருந்தது. எங்களில் பெரியவர்கள் தமிழ் மட்டும் படிப்போம், பிள்ளைகள் கன்னடம் படிப்பார்கள். ஆனால் பிள்ளைகள்தான் தண்ணீரில் இருந்தார்கள். அபாய என்றால் ஆபத்து. ஆள என்றால் ஆழம். சுளி என்றால் நம் சுழிதான். நிஷேத என்றால் தடை. இந்த நான்கு சொல்லையும் வீட்டுக்கு வீடு தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு அழகான மணலாக இருந்தாலும், உள்ளூர்க்காரர் குளிக்காத இடத்தில் இறங்காதீர்கள். பீர் குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். போதையில் தூரமும் ஆழமும் கண்ணுக்குத் தப்பாகத்தான் தெரியும்.

தண்ணீர் ஏறப்போவதை ஆறே முன்கூட்டிச் சொல்லும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும். சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வரும். சற்று முன்வரை காய்ந்திருந்த பாறையின் விளிம்பு நனையும். சத்தம் கனமாகும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பு, துணி, பாத்திரம் எதையும் எடுக்க நிற்காமல் மேடேறுங்கள். ஆற்றின் நடுப்பாறையில் உட்கார்ந்து சோறு சாப்பிடும் பழக்கத்தையும் விடுங்கள். தண்ணீர் உங்களைச் சுற்றிக்கொண்டு ஏறும், கரைக்கு வழி முதலில் மூடிவிடும்.

கவிழ்ந்துவிட்டால்? ஜாக்கெட் போட்டிருந்தால் மல்லாந்து, கால் இரண்டையும் தண்ணீர் போகிற திசையில் நீட்டி, பாதத்தைத் தண்ணீர்மட்டத்துக்குத் தூக்கிக்கொள்ளுங்கள். பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். கால் பாறை இடுக்கில் சிக்கினால் தண்ணீர் உங்களை முகம் குப்புறத் தள்ளிவிடும். கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்ற ஒருவராகக் குதித்து மூன்று நான்கு பேர் போன குடும்பங்களைப் பற்றி எத்தனை செய்தி படித்திருக்கிறோம். எறியுங்கள். வேட்டி, புடவை, கயிறு எதுவானாலும் சரி. நம் எல்லார் வீட்டிலும் இருக்கிற 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் காலியாக, மூடியை நன்றாக இறுக்கி, கழுத்தில் நீளமான நைலான் கயிறு கட்டிக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய ஆளை அது மிதக்க வைக்கும். வீட்டிலேயே வாளித் தண்ணீரில் அழுத்திப் பாருங்கள், எவ்வளவு வேகமாக மேலே எழும்புகிறது என்று தெரியும்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்காதீர்கள், தோளில் போட்டுச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். அதில் போகிற நிமிடம்தான் உயிர் போகிற நிமிடம். மூச்சில்லை என்றால் மூக்கை மூடி வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சு நடுவில் வேகமாக அழுத்த வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். இதை எழுத்தில் படித்தால் கை வராது. செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி கற்றுத் தருகிறார்கள். தெருவுக்கு இருவராவது போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள். 108 இரண்டு மாநிலத்திலும் ஆம்புலன்ஸ் எண்தான். ஆனால் காட்டுக்குள் சிக்னல் இருக்காது, கடைசியாகச் சிக்னல் வந்த இடம் எது என்று போகும்போதே டிரைவரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் என்றால் ஒகேனக்கல்தான் என்றில்லை. வயதானவர்களோடு நிதானமாகப் படகில் போக எனக்குப் பிடித்த இடம் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகில் போவார்கள். தலைக்கு மேல் கிளைகள் கூரை போட்டிருக்கும், வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். எம்.ஜி.ஆரின் இதயக்கனி எடுத்த இடம் என்று சொன்னால் எங்கள் வயதுக்காரர்கள் உடனே கிளம்பிவிடுவார்கள். அங்கே மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகுதான் நல்லது. சின்னக் கால்வாய்க்குள் நுழையும், சத்தமில்லாததால் கொக்கும் நாரையும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், உச்சி வெயிலில் தண்ணீரின் பளபளப்பு கண்ணைக் குத்தும்.

ஒரு தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. நம் தெருக்களுக்குப் பின்னால் ஓடுகிற ராஜகாலுவே. கோரமங்கலா பள்ளத்தாக்கின் அந்தக் கால்வாய் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பிறகு தட்சிண பினாகினி. ஓசூர்ப் பக்கம் போனதும் அதற்குத் தென்பெண்ணை என்று பேர். கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று அணை அணையாகத் தாண்டிக் கடலூரில் கடல் சேர்கிறது. நம் ஜன்னலிலிருந்து நாம் எறிகிற பிளாஸ்டிக் கவர் நம் சொந்த ஊர் ஆற்றுக்குத்தான் போகிறது. கெலவரப்பள்ளியில் வெள்ளை வெள்ளையாகப் பொங்குகிற நுரையில் நம் சோப்பும் இருக்கிறது. நகரின் மேற்குப் பக்கத்துச் சாக்கடை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், சங்கமத்தில் காவிரியில் விழுகிறது. அதனால் சங்கமத்தில் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள், காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். மழை நாளில் ராஜகாலுவே ஓரத்தில் பிள்ளைகள் பேப்பர் கப்பல் விட நின்றால் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள், அது யாருடைய பிள்ளையாக இருந்தாலும். 2022 செப்டம்பரில் இதே தண்ணீர் பெல்லந்தூர்ப் பக்கம் ரோட்டில் ஏறியபோது ஆட்களைப் படகிலும் டிராக்டரிலும்தான் வெளியே கொண்டுவந்தார்கள். ஏரியில் உல்லாசமாகப் போக வேண்டிய படகு வீட்டு வாசலுக்கு வந்ததைப் பார்த்து நான் அழுதேன்.

கடைசியாக ஒரு காரியம். என்னிடம் குழந்தைகள் அளவில் மூன்று ஜாக்கெட்டும் பெரியவர் அளவில் இரண்டும் கயிறு கட்டிய கேன் ஒன்றும் இருக்கின்றன. அக்கா மகன் பிழைத்த வருடம் வாங்க ஆரம்பித்தது. வாடகை இல்லை. போகிற வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து கேளுங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், போட்டுப் பார்த்துத்தான் தருவேன். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள். இப்போதைக்குச் சின்ன ஜாக்கெட் ஒன்றில் பக்கிள் தளர்ந்திருக்கிறது, தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை வந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் தெரு அக்கா
விவேக் நகர், பெங்களூர்